வார்டிலிருந்து தொடங்குங்கள்: மாநில, உள்ளாட்சி அரசியலை முற்போக்குப் பார்வையில் எழுத ஒரு வழிகாட்டி

அரசியல் விமர்சனம் எழுத ஆசைப்படும் புதியவர்கள் பெரும்பாலும் கூட்டணியில்தான் கை வைக்கிறார்கள். யார் யாரோடு சேர்வார், எத்தனை சீட் கிடைக்கும், எந்தத் தலைவர் எந்தத் தலைவரை எதற்காகச் சந்தித்தார். இதை எழுதுவதற்குச் சென்னையில் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். தலைவர்களின் வீட்டு வாசல்வரை போய் வருகிறவர்கள் அவர்கள். அவர்களோடு உங்களால் போட்டி போட முடியாது, போட வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் நகராட்சி போன மாதம் நிறைவேற்றிய தீர்மானங்களை முழுதாகப் படித்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? கவுன்சிலர்களையும் சேர்த்தே கேட்கிறேன். அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

இங்கே முற்போக்கு என்று நான் சொல்வதற்கும் கட்சி உறுப்பினர் அட்டைக்கும் சம்பந்தமில்லை. அரசு ஒரு முடிவெடுத்தால் அதற்கான காசு யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, முடிவெடுத்த அறையில் யாருக்கு நாற்காலி இல்லை என்று பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்துக்கு உள்ளாட்சியைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. பள்ளியில் மதிய உணவு என்று இன்று நாடே பேசுகிற திட்டத்துக்கு 1920-இல் தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றத்தின் தீர்மானம் ஒரு தொடக்கம். ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஓர் அணா என்ற கணக்கில் அது ஆரம்பித்தது. மன்றத் தீர்மானங்களைச் சில்லறை விஷயமாக நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் உள்ளாட்சி எது?

கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் தங்கள் வார்டு எண் தெரியாமலே முதலமைச்சருக்கு யோசனை சொல்கிறவர்கள் நிறைய. நீங்கள் இருப்பது கிராம ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா, மாநகராட்சியா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிராம ஊராட்சி என்றால் அதற்கு மேலே ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று இன்னும் இரண்டு அடுக்குகள் உண்டு. மாநிலத்தில் கிராம ஊராட்சிகள் சுமார் 12,500, ஒன்றியங்கள் 388. கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. ஒன்றிய கவுன்சிலரும் மாவட்ட கவுன்சிலரும் கட்சிச் சின்னத்தில் நிற்கிறார்கள். தலைவர் எந்தக் கட்சிக்காரர் என்று ஊருக்கே தெரிந்திருக்கும், ஆனால் எழுதும்போது 'இன்ன கட்சியின் ஊராட்சித் தலைவர்' என்று போட்டால் விவரம் தெரிந்தவர்கள் அந்த வரியிலேயே உங்களை மூடி வைத்துவிடுவார்கள்.

அதிகாரிகள் யார் என்பதும் முக்கியம். ஊராட்சியில் ஊராட்சி செயலர், அவருக்கு மேலே பிடிஓ என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர். பேரூராட்சியில் செயல் அலுவலர். நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெயரில் முடிவு வரும். கோப்பு எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால் பல நேரம் அதிகாரி மேசையில் போய் நிற்கும்.

இன்னொன்று: இப்போது உங்கள் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கிறதா என்று பாருங்கள். 2011-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற வழக்குகளில் சிக்கியது. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்கத் தனி அலுவலர் ஆட்சி, அதாவது மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த அதிகாரியின் ஆட்சி. 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று அரசியல் சட்டத்தில் 1992-இல் எழுதி வைத்த 73, 74-ஆம் திருத்தங்களை இரண்டு பெரிய கட்சிகளும் எவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு இந்தத் தேதிகளே போதும். எங்கள் மாநில உரிமையைப் பறிக்காதே என்று டெல்லியிடம் கேட்கிற குரலை நானும் சேர்ந்து எழுப்புவேன். அதே குரல் ஊராட்சியின் உரிமைக்கு ஏன் எழும்புவதில்லை என்பது நீங்கள் எழுத வேண்டிய கட்டுரை.

கூட்டத்தில் போய் உட்காருங்கள்

கிராமமாக இருந்தால் வேலை சுலபம். கிராம சபைக்கு ஆண்டில் ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்ததை 2022-இல் ஆறாக்கினார்கள். சில நேரம் மழை, தேர்தல் என்று தேதி தள்ளிப்போகும், விசாரித்துவிட்டுப் போங்கள். வாக்காளர் யாராக இருந்தாலும் உட்காரலாம், பேசலாம், தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம். மக்கள் தொகையைப் பொறுத்துக் குறைந்தபட்ச வருகை வேண்டும். அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்று கவனியுங்கள். கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்கு மறுநாள் நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினால் அதுவும் செய்திதான்.

நகரத்தில் கொஞ்சம் கஷ்டம். அங்கே வார்டு குழு, பகுதி சபை என்ற அமைப்புகள் உண்டு. பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாகக் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு உங்கள் வார்டில் எத்தனை முறை கூடியது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் முதல் கட்டுரை கைக்கு வந்துவிட்டது.

மன்றக் கூட்டத்தில் பார்வையாளராக உட்கார அனுமதி கேட்டு ஆணையருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். உள்ளே போனால் சண்டை நடக்கிற இடத்தைப் பார்க்காதீர்கள். தொலைக்காட்சிக்கு வேண்டிய வெளிநடப்பை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மன்றப் பொருள் பட்டியல். நூறு பொருள் பதினைந்து நிமிடத்தில் 'ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது' என்று போகும். அதில் 'பின்னேற்பு' என்று வருகிற பொருட்களை அடிக்கோடிடுங்கள். வேலை முடிந்து, சில நேரம் பணமும் கொடுத்த பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு வருபவை அவை. அவசர வேலைக்குப் பின்னேற்பு நியாயம்தான். வெள்ளம் வந்தால் தீர்மானத்துக்காகக் காத்திருக்க முடியாது. ஆனால் ஒரே ஒப்பந்ததாரர் பெயர் பின்னேற்பில் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

காகிதத்தைக் கையில் வாங்குங்கள்

அடுத்த படி, ஆர்டிஐ. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு தாள் போதும். தமிழ்நாடு அரசின் இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் பதிலாக இல்லாவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் காத்திருப்பு நீளும். அதனால் எல்லா எதிர்பார்ப்பையும் ஒரே மனுவில் கட்டி வைக்காமல் சின்னச் சின்ன மனுக்களாகப் போடுவது நல்லது.

கேள்வி கேட்கிற விதத்தில்தான் பாதி பேர் தோற்கிறார்கள். 'எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும். இப்படிக் கேளுங்கள்: இன்ன நிதியாண்டில் இன்ன வார்டில் எடுத்த சாலைப் பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், பணி முடிந்த தேதி, பணம் வழங்கிய தேதி, அளவுப் புத்தகத்தின் நகல். அளவுப் புத்தகம், அதாவது அலுவலகத்தில் எம்-புக் என்று சொல்வது, ரொம்ப முக்கியம். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று அதில் இருக்கும். சாலையில் நின்று நீங்களே சரிபார்க்கலாம். நகல் வாங்கக் காசு அதிகமாகும் என்றால் நேரில் வந்து பார்வையிட அனுமதி கேளுங்கள். சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு.

பட்டியலைப் பக்கத்தில் வைத்து வார்டு வரைபடத்தைப் பாருங்கள். எந்தத் தெருவுக்கு ஐந்து வருடத்தில் இரண்டு முறை சாலை, எந்தக் காலனிக்கு ஒருமுறைகூட இல்லை என்று வண்ணம் போட்டால் சாதி வரைபடம் மாதிரி ஏதாவது தெரிகிறதா? சில ஊரில் தெரியும், சில ஊரில் தெரியாது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

ஆர்டிஐ போடாமலே கிடைப்பவையும் உண்டு. அரசின் டெண்டர் தளம், உள்ளாட்சி நிதி தணிக்கைத் துறை கணக்கில் குறை கண்டு எழுதும் தடைக் குறிப்புகள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சட்டமன்றத்தில் வைக்கும் அறிக்கைகள், தேர்தலில் வேட்பாளர் கொடுத்த சொத்து விவரப் பிரமாணப் பத்திரம். கடைசியாகச் சொன்னதை டெண்டர் பட்டியலோடு சேர்த்து வைத்துப் படிக்கிற பழக்கம் நல்ல பழக்கம். ஒன்றை நினைவில் வையுங்கள்: 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தியிருக்கிறது. 'தனிநபர் விவரம்' என்று சொல்லி மறுப்பது அதிகாரிகளுக்கு இப்போது இன்னும் சுலபம். பெயர் இல்லாமலே வேலைக்கு ஆகும் என்றால் பதவி, தொகை, தேதி மட்டும் கேளுங்கள்.

வரி உயர்ந்தால் உடனே கொதிக்காதீர்கள்

புதியவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. வரி உயர்வு என்றதும் 'மக்கள் விரோதம்' என்று எழுதிவிடுகிறார்கள். எந்த மக்கள் என்று கேட்க வேண்டாமா?

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டின் நகரங்களில் சொத்து வரியை உயர்த்தினார்கள். சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 150 சதவீதம். மற்ற மாநகராட்சிகளில் அதே அளவுகளுக்கு 25, 100. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் முறையான திருத்தம் நிலைத்ததில்லை. 2018-இல் அதிமுக அரசு உயர்த்தியது, திமுக தெருவில் இறங்கியது, 2019-இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-இல் திமுக அரசு உயர்த்தியபோது அதிமுக தெருவில் இறங்கியது. இரண்டு ஆர்ப்பாட்டத்தின் முழக்கங்களையும் மாற்றி வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, வசூலையும் வளர்த்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்ற 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனையையும் அரசு காரணமாகக் காட்டியது.

முற்போக்குப் பார்வையில் இதை எப்படி எடைபோடுவது? 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலத்தின் கையில் மிச்சமிருக்கும் பெரிய வரிகள் பெட்ரோல், மது, பத்திரப்பதிவு, வாகனம் இவைதான். பெட்ரோலுக்கும் மதுவுக்கும் கூலித் தொழிலாளியும் கோடீஸ்வரரும் ஒரே விகிதத்தில் கட்டுகிறார்கள். சொத்து வரி அப்படி இல்லை. பெரிய வீட்டுக்காரரிடம் கூடுதலாக வாங்கக்கூடிய மிகச் சில வரிகளில் அது ஒன்று. அந்தப் பணம் உள்ளாட்சியின் சொந்தப் பணம், கோட்டையின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதனால் அடுக்கு விகிதத்தில் வருகிற சொத்து வரியை நான் ஆதரிப்பேன்.

ஆனால் அதோடு நிறுத்த முடியாது. வாடகைக்கு இருப்பவர் தலையில் அந்த உயர்வு எவ்வளவு விழுகிறது, பெரிய வணிக வளாகங்களின் அளவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா, பெரிய பாக்கிக்காரர்கள் யார், கிடைத்த கூடுதல் வருமானம் எந்த வார்டுக்குப் போனது? பெரிய பாக்கிப் பட்டியலை ஆர்டிஐயில் கேளுங்கள். 300 ரூபாய் பாக்கி வைத்த வீட்டின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கிற அலுவலகம் லட்சக்கணக்கில் பாக்கி வைத்த கட்டடத்துக்கு எத்தனை நோட்டீஸ் அனுப்பியது என்று ஒப்பிடுங்கள்.

இதே கண்ணால் ஊர் இணைப்பையும் பாருங்கள். 2024-இல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி மாநகராட்சிகளான காலத்தில் பக்கத்து ஊராட்சிகள் பலவற்றில் இணைப்பை எதிர்த்து மறியல் நடந்தது. வளர்ச்சி வேண்டாம் என்கிறார்களே என்று கேலி பேசியவர்கள் உண்டு. நூறு நாள் வேலை ஊரகத்துக்கு மட்டும்தான் இருந்தது. நகராட்சி எல்லைக்குள் போனால் அது கிடையாது, வரியும் ஏறும். மறியலில் உட்கார்ந்த பெண்களுக்கு அந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

நாற்காலி யாருக்கு இல்லை?

1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். தனித் தொகுதியான ஊராட்சியில் தலைவரானதுதான் அவர் செய்த குற்றம். அதே மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும் 1996 தொடங்கி 2006 வரை முறையான தேர்தலே நடக்கவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவர் ஒருவரை மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானது. 2022 ஆகஸ்ட் 15-க்கு முன்பு, பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றத் தடை வராமல் பார்த்துக்கொள்ளும்படி தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

உங்கள் பகுதியில் இப்படிப் பெரிதாக எதுவும் தெரியாமல் இருக்கலாம். அங்கேதான் காகிதத்தைப் பார்க்க வேண்டும். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் தனித் தொகுதியில் வந்தவர், துணைத் தலைவர் ஆதிக்க சாதிக்காரர் என்றால் அந்த ஒரு கையெழுத்து போதும், வேலையை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க. யாரும் யாரையும் அடிக்க வேண்டாம். எத்தனை மாதம் காசோலை நின்றது என்று தேதி வாரியாகக் கேட்டு வாங்குங்கள். 'தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை' என்று ஊரில் சொல்வதற்குப் பின்னால் அந்தத் தேதிகள் இருக்கலாம்.

போட்டியில்லாமல் தலைவர் தேர்வானார் என்று செய்தி வந்தால் பாராட்டி எழுத அவசரப்படாதீர்கள். அன்னபோஸ்ட் ஆனது எப்படி? கோயிலில் கூட்டம் போட்டு ஏலம் விட்டார்களா, நிற்க நினைத்தவரை யாராவது கூப்பிட்டுப் பேசினார்களா? பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்துப் போட்டு அந்தப் பெண்ணையே நக்கல் அடிக்கிற வழக்கம் நம் ஆட்களிடமும் இருக்கிறது. அந்தப் பெண் கையெழுத்திட மறுத்த கோப்பு ஏதாவது உண்டா, தனியாக ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் அதிகாரி நேராகப் பேசுகிறாரா என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

நமக்குப் பிடித்த கட்சிக்கும் அதே அளவுகோல்

இதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சமூகநீதி பேசுகிற கட்சி ஆட்சியில் இருந்தால் முற்போக்காளர்களின் பேனா தானாக மூடிக்கொள்கிறது. 'இப்போது எழுதினால் எதிரிக்கு லாபம்' என்று ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும்.

இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு ஏலம் விட்டபோது 2024 நவம்பரில் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மக்கள் மன்றத்தின் வெற்றி என்று எல்லாரும் எழுதினார்கள், சரியாகவே எழுதினார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தில் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2022-லிருந்து கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானங்களை அதே மாநில அரசு பொருட்படுத்தவில்லை. ஒரு கிராம சபை ஜனநாயகம் என்றால் இன்னொரு கிராம சபை எப்படி முட்டுக்கட்டை ஆகும்? விமான நிலையம் வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம், அதற்கான வாதங்களும் உண்டு. அப்படியானால் கிராம சபையின் தீர்மானத்தை எப்போது மீறலாம் என்று விதியாகச் சொல்லுங்கள். அந்த விதியை அரிட்டாபட்டிக்கும் பொருத்திப் பாருங்கள்.

தூய்மைப் பணியும் அப்படித்தான். சென்னையில் குப்பை அள்ளும் வேலை 2000-இல் திமுக ஆட்சியில் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது, 2020-இல் அதிமுக ஆட்சியில் பல மண்டலங்கள் தனியாருக்குப் போயின, 2025-இல் திமுக ஆட்சியில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் போயின. அந்த ஆண்டு ஆகஸ்டில் அதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்த தொழிலாளர்களை 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், பெண்கள் அதிகம். அடுத்த நாள் சிலர் எழுதியதைப் படித்தேன். இதே இரவு வேறு கட்சி ஆட்சியில் நடந்திருந்தால் அவர்களின் தலைப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

நடைமுறையில் ஒரு வழி சொல்கிறேன். கட்டுரையை முடித்ததும் ஆளும் கட்சியின் பெயரை எடுத்துவிட்டு எதிர்க்கட்சியின் பெயரைப் போட்டு ஒருமுறை வாசியுங்கள். கோபம் கூடினால் அல்லது குறைந்தால் எந்த வரியில் என்று பாருங்கள். அந்த வரியைத் திருத்துங்கள். பாராட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வேலைக்குப் போகும் பெண்களின் கையில் காசை மிச்சம் பிடிக்க வைத்தது. யார் செய்தாலும் நல்ல திட்டம்தான், அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

மாநில அரசியலுக்குப் போகும்போது

வார்டைப் படித்துப் பழகிய பிறகு மாநிலம் அவ்வளவு மிரட்டாது. பட்ஜெட் உரையை விட்டுவிட்டு மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை எடுங்கள். தமிழிலேயே கிடைக்கும். உரையில் அறிவிப்பு இருக்கும், குறிப்பில் போன வருட அறிவிப்பு என்ன ஆனது என்பது இருக்கும், அல்லது சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். மூன்று வருடக் குறிப்புகளை வரிசையாக வைத்தால் காணாமல் போனது தெரிந்துவிடும். திட்டத்தின் விதிகளுக்கு அரசாணையைப் படியுங்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியபோது மேடையில் பேசியது உரிமை. அரசாணையில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் என்று நிபந்தனைகள். கூட்டுக் குடும்பத்தில் ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரிகிற வீட்டில் இந்த 3,600 என்ன செய்யும் என்று கேட்டால் உங்கள் தெருவிலேயே பதில் இருக்கும்.

எழுதும்போது

ஒரு கட்டுரைக்கு ஒரு முடிவு, ஒரு ஆவணம், இரண்டு மனிதர்கள். முதலில் இது போதும். என்ன நடந்தது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், பாசிசம், நவதாராளமயம் எல்லாம் பிறகு வரட்டும், தேவைப்பட்டால். 'தீர்மானிக்கப்பட்டது', 'அகற்றப்பட்டனர்' என்று முடிகிற வாக்கியங்களைத் தேடிப் பிடியுங்கள்; யார் தீர்மானித்தார், யார் அகற்றினார் என்று எழுவாயைப் போடுங்கள். நீங்கள் குறை சொல்கிற அதிகாரியிடமோ கவுன்சிலரிடமோ வெளியிடுவதற்கு முன் பதில் கேளுங்கள், கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள். நல்ல பதில் வந்தால் கட்டுரை மாறும், மாறட்டும்.

ஊராட்சி செயலர், கணினி உதவியாளர், மேஸ்திரி மாதிரியான ஆட்களின் பெயரை இழுக்காதீர்கள். உங்களுக்குக் காகிதம் கொடுத்தவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஒரே பிரதி இருக்கிற ஆவணத்தின் படத்தை அப்படியே போட்டால் யார் கொடுத்தது என்று அலுவலகத்துக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சட்டத்தில் குறைந்தபட்சம் இவற்றைத் தெரிந்துவையுங்கள். 2024 ஜூலை முதல் அவதூறு என்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொன்ன உண்மை என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஆவணம்தான் துணை. 'ஊழல் செய்தார்' என்று எழுதுவதைவிட 'தணிக்கை இந்தத் தொகைக்குத் தடை எழுப்பியிருக்கிறது' என்று எழுதுவது பாதுகாப்பு மட்டுமல்ல, துல்லியமும்கூட. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எந்த விவரமும் கூடாது. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் சேர்ந்தாலே சின்ன ஊரில் அது அடையாளம்.

வெளியிட்ட பிறகு திருத்தம் சொல்லி யாராவது எழுதுவார்கள். தப்பு என்றால் கட்டுரையின் மேலேயே தேதியோடு திருத்துங்கள், அடியில் ஒளிக்காதீர்கள். அப்புறம் காலண்டரில் இரண்டு தேதி குறியுங்கள்: நீங்கள் எழுதிய வேலைக்கு அலுவலகம் சொன்ன கெடு ஒன்று, உங்கள் ஆர்டிஐ மனுவின் 30-ஆவது நாள் இன்னொன்று. ஊரில் இருப்பவர் என்றால் அடுத்த கிராம சபைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று இப்போதே எண்ணிப் பார்த்துவிட்டு, தீர்மானப் பதிவேட்டின் போன முறை நகலுக்கு இன்றைக்கே மனு எழுதிவிடலாம். 30 நாள் கணக்கு மனு கொடுத்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.